காபி ஓட்டலில் ஓர் இருட்டறை

மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே நரைத்தும், எனக்குக் காபியின் ருசி தெரியாது. இதை வெளியில் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. பீபரிக்கும் சிக்கரிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், முன்னது விலை அதிகம் என்பது வரை சொல்வேன். சூடாக இருந்தால் நல்ல காபி, ஆறியிருந்தால் கெட்ட காபி. என் நாக்கின் ஆராய்ச்சி அத்தோடு சரி. பக்கத்தில் யாராவது ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடித் தலையை ஆட்டினால், நானும் அரை விநாடி தாமதித்து ஆட்டிவிடுவேன். சபாக் கச்சேரிகளிலும் இதே முறைதான் எனக்குக் கைகொடுத்து வருகிறது.

இப்படிப்பட்டவன், ஜனங்கள் என்ன குடிக்க விரும்புகிறார்கள் என்று ஒரு காபி ஓட்டல் முதலாளிக்கு யோசனை சொன்னேன். அந்த யோசனையால் ஓட்டல் ஏறக்குறைய மூடப்பட்டது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு விளம்பரக் கம்பெனியில் சோப்புக்கும் கூந்தல் தைலத்துக்கும் தமிழ் எழுதிக்கொண்டிருந்தேன். குளியல் சோப்புக்கு நாலு வரி எழுதியவனுக்கு ஜனங்களின் மனசு அத்துப்படி என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை எனக்கும் இருந்ததுதான் கஷ்டம்.

ஓட்டல் என் கல்லூரித் தோழனுடையது. வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அவன் அப்பா ஆரம்பித்தது. இவன் சரித்திரத்தில் பி.ஏ. வாங்கிவிட்டு, சரித்திரத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கல்லாவில் வந்து உட்கார்ந்தான். ஓட்டலுக்கு இரண்டு விஷயங்களில் பெயர். ஒன்று காபி, அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. மற்றது மேஜைகளின் சுத்தம். காலி டம்ளர் மேஜையில் நிற்கக் கூடாது என்பது அவன் அப்பா போட்ட சட்டம். கடைசி வாய் தொண்டையில் இறங்கும்போதே டபராவும் டம்ளரும் காணாமல் போகும். அடுத்த நொடி ஈரத்துணி வரும். மேஜை துடைப்பவர் மந்தைவெளிக்காரர், நாற்பது வயதுக்கு மேலிருக்கும்; எங்கே நின்றாலும் எந்த மேஜையையும் எட்டிவிடுகிற கை அவருக்கு. துணி மேஜையின் அந்தக் கோடியில் ஆரம்பித்து, ஈரக்கோடு போட்டுக்கொண்டே நம் முழங்கையை நோக்கி வரும். எழுந்திரு என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எழுபத்தொன்றில் மாநிலத்தில் மதுவிலக்கு தளர்ந்தது. சில மாதங்களில் பாண்டி பஜாரை ஒட்டி ஒரு ரெஸ்டாரண்டு, மாடியில் ஏ.சி. வைத்து, கண்ணாடிக் கதவுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, ஒரு பார் திறந்தது. அதே சமயம் தோழனின் ஓட்டலில் சாயங்காலக் கூட்டம் மெலிய ஆரம்பித்தது. முதலில் போனவர்கள் மூலை மேஜைக்காரர்கள் ஆறு பேர். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு இன்ஷூரன்ஸ்காரர், சர்க்கார் குமாஸ்தாக்கள் நால்வர். ஆபீஸ் விட்டதும் நேரே வந்து, ஆளுக்கொரு காபி குடித்து, துணி வரும்வரை உலகத்தைத் திருத்திவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் தி.நகர் மாடியில் இருப்பதாகத் தகவல் வந்தது. அவர்களைப் பார்த்து மற்ற மேஜைகளும் உதிர்ந்தன.

இதில் ஒரு ஆபத்து இருந்தது. கட்டடத்தில் பாதி தோழனின் சித்தப்பாவுக்குச் சொந்தம். தெற்கேயிருந்து வந்த வியாபாரி ஒருவர் எவர்சில்வர் பாத்திரக்கடை வைக்க அவரிடம் இடம் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா கோபக்காரர் இல்லை. கணக்காகவே சொன்னார்: தை பிறப்பதற்குள் சாயங்காலக் கூட்டம் திரும்பினால் ஓட்டல், இல்லாவிட்டால் பாத்திரம்.

தோழன் கல்லாவைவிட்டு எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தான். அவன் அப்படி எழுந்து வந்து நான் பார்த்ததில்லை.

“பதினாறு பேர் இந்த அடுப்பை நம்பிண்டு இருக்காடா. எனக்கும் வேற ஒண்ணும் தெரியாது. ஜனங்களுக்கு என்ன வேணும்னு எழுதறவன் நீதானே, சொல்லேன்.”

‘எனக்குத் தெரியாது’ என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். பதிலாக, ஒரு வெளிநாட்டு விளம்பரப் புத்தகத்தில் படித்திருந்ததைச் சொன்னேன்: யூகிக்கக் கூடாது, கேட்க வேண்டும்.

கேட்டேன். ஆபீஸ் சைக்ளோஸ்டைல் மெஷினில் திருட்டுத்தனமாக ஒரு வினாத்தாள் அடித்தேன். ‘மாலை வேளையில் தாங்கள் விரும்பி அருந்தும் பானம் யாது?’ என்பது முதல் கேள்வி. பானம் ‘யாது’ என்று கேட்டால் மனிதன் உண்மை சொல்ல மாட்டான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரம், காலையும் மாலையும், வருகிறவர்களிடமெல்லாம் தாளைக் கொடுத்து வாங்கினோம். பால் என்று எழுதியிருந்தார்கள். பாதாம் பால், பழரசம், நீர்மோர், இளநீர் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் துளசித் தீர்த்தம் என்று எழுதியிருந்தார். காபி என்று எழுதியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர், ‘என் பெயரை வெளியிட வேண்டாம்’ என்று கீழே எழுதிக் கோடிட்டிருந்தார்.

பதினோரு பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினேன். காபியின் காலம் முடிந்துவிட்டது என்பது அதன் சாரம். தோழனின் மனைவி அறிக்கையைத் தொடவில்லை. வினாத்தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

“எல்லாத்திலயும் வட்டம் வட்டமா இருக்கே, இது என்ன?”

காபி டம்ளர் வைத்த கறை. பாலும் மோரும் என்று எழுதின கைகள் அத்தனையும், எழுதும்போது டம்ளரை அந்தத் தாளின் மேலேயே வைத்திருந்தன. மட்டமான தாள், சீக்கிரம் கறை பிடிக்கிறது என்று விளக்கினேன். அவள் “சரி” என்றாள். அந்த ஒரு சொல்லில் அவ்வளவு சந்தேகத்தை வைக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

என் திட்டம் இதுதான். மனிதன் தி.நகர் மாடிக்குப் போவது மதுவுக்காக இல்லை. மங்கலான வெளிச்சத்துக்காகவும் குளிர்ச்சிக்காகவும் கையில் பிடிக்க ஓர் அழகான கோப்பைக்காகவும் போகிறான். அதையெல்லாம் நாம் கொடுத்து, கோப்பையில் மட்டும் இஞ்சிச்சாறு ஊற்றினால் ஊரும் கெடாது, ஓட்டலும் பிழைக்கும். எழுதிப் பார்த்தபோது அப்பழுக்கில்லாமல் இருந்தது. என் விளம்பரங்களும் அப்படித்தான் இருக்கும்.

பின்கட்டில் அரிசி மூட்டை அடுக்கிய அறையைக் காலி செய்தோம். யாரோ கழித்துவிட்ட ஏ.சி. ஒன்று வந்தது. அது ரைஸ்மில் மாதிரி சத்தம் போட்டது. குளிர்ச்சி சத்தத்தைத் தொடர்ந்து வரும் என்று விற்றவர் உறுதி சொல்லியிருந்தார். சிவப்பு ஜீரோ வாட் பல்புகள், வாசலில் கனத்த திரை, பாரீஸ் கார்னரில் வாங்கிய காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பைகள். இஞ்சியும் எலுமிச்சையும் தேனும் சேர்த்து சோடா கலந்த பானம் ஒன்று, திராட்சை ரசம் ஒன்று, நன்னாரி ஒன்று. கூடவே தட்டில் வெங்காயம் தூவிய வறுத்த கடலை. கடலை என் சொந்தக் கற்பனை.

விஜயதசமியன்று திறந்தோம். முதல் நாள் நானும் தோழனும் அவன் மனைவியும் உள்ளே உட்கார்ந்து இஞ்சி குடித்தோம். மூன்றாம் நாள் ஒரு மாமா திரையை விலக்கி, சிவப்பு பல்பைப் பார்த்து, “சிவ சிவா” என்று சொல்லித் திரையை மறுபடி சரியாக இழுத்து மூடிவிட்டுப் போனார்.

மயிலாப்பூரில் உள்ளே போவதைக்கூடச் சமாளித்துவிடலாம். வெளியே வருவதுதான் சிக்கல் என்பதை நான் யோசிக்கவில்லை. தைரியசாலியான ஒரு ஹெட்கிளார்க் அரைமணி உள்ளே உட்கார்ந்துவிட்டு, இருட்டிலிருந்து ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வந்தார். கண் கூசியது, வாசற்படி தடுக்கியது, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரில் பூ விற்கும் அம்மாள் இதைப் பார்த்தாள். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. வேண்டுமானால் மோந்து பார் என்று மனைவியிடம் வாயைத் திறந்து காட்டினாராம். அவள் மோந்து பார்த்துவிட்டு, அந்த வாசனையை மறைக்கத்தானே இஞ்சி என்றாளாம்.

பிறகு ஆட்கள் வரத்தான் செய்தார்கள். நாங்கள் எதிர்பார்த்தவர்கள் இல்லை, அவ்வளவுதான். கோடம்பாக்கத்தில் படப்பிடிப்பு இல்லாத நாட்களில் அங்கிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள், கலகலப்பாகப் பேசுவார்கள். அறை நிறைந்ததைப் பார்த்து நான் தோழனின் முதுகில் தட்டினேன். துடைப்பவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சார், அவங்க இஞ்சித் தண்ணி கேக்கல. கிளாஸும் கடலையும் குடு போதும்னு சொல்லிக்கினு கீறாங்க. மத்தது இடுப்புல கொண்டாந்துட்டாங்க.”

அதற்குப் பிறகு எதைச் சொல்லி என்ன? கார்த்திகை பிறந்தபோது காலைக் கூட்டமும் கரைய ஆரம்பித்திருந்தது. கபாலியைத் தரிசித்துவிட்டு நேரே காபிக்கு வருகிற பெரியவர்கள், விபூதியோடு அந்த வாசலில் நுழைவது சரியாகப் படவில்லை என்று வேறு தெருவுக்குப் போனார்கள். சாயங்காலத்தைத் திருப்பிக் கொண்டுவரப் போய்க் காலையையும் தொலைத்திருந்தோம். சித்தப்பா ஒரு ஆளோடு வந்து, முன்பக்கத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார். தோழன் அன்று என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் எனக்கு ஒரு காபி கொண்டுவரச் சொல்லிவிட்டு, கல்லாவில் உட்கார்ந்து சில்லறையை மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் தி.நகர் போனேன். எங்கள் ஆட்கள் அந்த மாடியில் அப்படி என்னதான் குடிக்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு. வாசலை மூன்று முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். தெரிந்தவர் யாரும் பார்க்கக் கூடாதே என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு மாடியேறினேன். தெரிந்தவர்கள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

மூலை மேஜைக்காரர்கள் ஆறு பேரும் அங்கேயும் மூலையைத்தான் பிடித்திருந்தார்கள். மேஜையைப் பார்த்து எனக்குக் குழப்பமாகிவிட்டது. இரண்டு லைம் ஜூஸ், ஒரு தக்காளி ஜூஸ், ஸ்ட்ரா போட்ட ஒரு கோலா, வாத்தியாருக்கு எதிரில் காபி. இன்ஷூரன்ஸ்காரர் முன்னால் மட்டும் பீர் இருந்தது. அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் பஸ் ரூட்டைப் பற்றியோ எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று, அவரைத் தொடவில்லை. நான் உட்கார்ந்து ஒரு சோடா சொன்னேன். அரைமணி ஆயிற்று, முக்கால்மணி ஆயிற்று. காலிக் கோப்பைகள் அப்படியே நின்றன. எடுக்க ஒருவரும் வரவில்லை.

வாத்தியார் கை கழுவப் போகிறவர்போல எழுந்து, என்னையும் கண்ணால் கூப்பிட்டார். குழாயடியில் நின்று, இன்ஷூரன்ஸ்காரர் பக்கம் கண்ணைக் காட்டி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அவர் ஆத்துக்காரி போய் ஏழு மாசம் ஆறது. ஆபீஸ் விட்டா ஆத்துக்குப் போகக் கால் வரலைங்கறார். தனியா இங்க வந்துண்டிருந்தார். ரெண்டு தடவை ரிக்ஷாக்காரன்தான் ஆத்து வாசல்ல கொண்டுபோய்ப் போட்டான். அதான் நாங்களும் வரோம். நாங்க இருந்தா ஒண்ணோட நிறுத்திக்கறார். எட்டு மணிக்குப் பஸ்ஸில ஏத்திண்டு போய் ஆத்துல விட்டுடுவோம்.”

அவரை நம் ஓட்டலுக்கு அழைத்து வந்திருக்கலாமே என்றேன்.

“வந்தோமே. முதல் மாசம் அங்கதான் வந்தோம். உங்க சிநேகிதன் ஓட்டல்ல காபி குடிக்கலாம் சார், உட்கார முடியாது. மனசு விட்டு ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறப்பார், துணி வந்துடும். அழுதுண்டிருக்கற மனுஷனை முழங்கையைத் தூக்குன்னா எப்படித் தூக்குவார்?”

திரும்பி வந்த பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் வினாத்தாளில் ஆறு கேள்விகள் இருந்தன. என்ன குடிக்கிறீர்கள், எப்போது, சூடாகவா, இனிப்பாகவா என்றெல்லாம் கேட்டிருந்தேன். யாரோடு என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. அவர்களுக்கு ஜூஸின் மேலோ கோலாவின் மேலோ தனி ஆசை ஒன்றும் இல்லை. தக்காளி ஜூஸைக் குடித்தவர் ஒவ்வொரு வாய்க்கும் முகம் சுளித்ததை நானே பார்த்தேன். பாரில் ஒரு நாற்காலிக்கு வாடகை மாதிரி ஏதோ ஒன்றைக் குடித்தாக வேண்டியிருந்தது. வாத்தியார் மட்டும் பிடிவாதமாகக் காபி கேட்டிருக்கிறார். அது கழுநீர் என்று அவரே சொன்னார். ஆனாலும் தினம் குடித்தார்.

தோழனிடம் அப்படியே சொன்னேன். அவன் நிமிர்ந்து மேலே பார்த்தான். காலி டம்ளர் நிற்கக் கூடாது என்பது அப்பா வாக்கு. கல்லாவுக்கு மேலே அவர் படம் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவிதான், “அவர் காலத்துல கூட்டம் வெளியில நின்னுது, துடைச்சார். இப்ப யாருக்காகத் துடைக்கறேள்?” என்றாள்.

மறுநாள் துடைப்பவரைக் கூப்பிட்டு, மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை, கேட்டாலொழிய துணி கொக்கியிலேயே இருக்கட்டும் என்று சொன்னான். அவர் வேலையைவிட்டு நீக்கியதுபோல் நின்றார். பின்கட்டு அறையில் திரை இறங்கியது, சிவப்பு பல்புகள் இறங்கின. ஏ.சி. வந்த வழியே போயிற்று. அந்த இடத்தில் ட்யூப்லைட்டும் ஒரு ஃபேனும் மாட்டி, மூலை மேஜையை அங்கே போட்டான். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு தானே தி.நகர் மாடியேறி, வாத்தியாரிடம் போய் இனிமேல் துணி வராது என்று சொல்லிவிட்டு வந்தான்.

இரண்டு நாள் கழித்து ஆறு பேரும் வந்தார்கள். இன்ஷூரன்ஸ்காரர் மூன்று காபி குடித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. துடைப்பவர் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் காலி டம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, இன்ஷூரன்ஸ்காரர் தன் மனைவி போடும் காபியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, வெகுநேரம் கழித்து மீதியைச் சொன்னார். நடுவில் யாரும் வரவில்லை. அவர் அதோடு திருந்திவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. வாரத்தில் இரண்டு நாள் தி.நகர்தான் போனார், கூடவே ஐந்து பேரும் போனார்கள். மற்ற நாட்கள் எங்களோடு இருந்தார்.

பேச்சு நடக்கிற இடத்துக்கு ஆள் வரும். மார்கழிக் கடைசியில் சாயங்காலம் ஆறு மணிக்கு இடம் கிடைக்கவில்லை. திரை போனதும் விபூதிக்காரர்களும் காலையில் திரும்பினார்கள். போகிக்கு முந்தின நாள் சித்தப்பா வந்தார். பத்து நிமிஷம் ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றார், உட்கார்ந்திருந்தவர் எழவில்லை. இப்படி ஒவ்வொருத்தனும் குடும்பம் நடத்தினால் எப்படி என்று தோழனிடம் கடிந்துகொண்டார். அப்புறம் அவருக்கே இடம் கிடைத்தது. ஏழரை வரை அவரும் எழவில்லை. பாத்திரக்காரருக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

பாத்திரக்கடை எங்களுக்கு நாலு கட்டடம் தள்ளியே வந்தது. பாத்திரம் வாங்க வந்த பெண்கள், பையும் வெயிலுமாக ஓட்டலில் நுழைந்து, குளிர்ச்சியாக என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ரோஸ் மில்க் கேட்டார்கள், திராட்சை ரசம் கேட்டார்கள். தோழனின் மனைவி அந்தக் காம்பு வைத்த கோப்பைகளைத் தேடி எடுத்துக் கழுவி, அவர்களுக்கென்று தனியாக இரண்டு மேஜை போட்டாள். அது அமோகமாக நடந்தது. என் வினாத்தாளை ஒரு பெண்ணிடம்கூடக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் மதுவிலக்கு திரும்பி வந்தபோது தி.நகர் மாடியும் அதே இருட்டில் மில்க் ஷேக் விற்றுப் பார்த்ததாகக் கேள்வி. அவர்களுக்கு யார் யோசனை சொன்னார்கள் என்று தெரியாது. நான் இல்லை.

அந்தச் சித்திரையில் ஒரு சாயங்காலம், பின்கட்டு அறை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நான் கல்லாவில் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில், தோழனுக்கு என் புதிய தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். மனிதன் பானத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. எதிரில் யார் உட்கார வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கிறான், பானம் அதற்கு ஒரு சாக்கு. அந்த மூலை மேஜையைப் பார், ஊரில் அத்தனை ஓட்டல் இருக்க இந்த ஆறு பேர் இங்கே வருகிறார்கள் என்றால், அங்கே நட்பு என்கிற ஒன்று இருக்கிறது என்றேன். தோழன் தலையை ஆட்டினான். துடைப்பவர் தூணோரம் நின்று முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் இன்னா சார். ஏ.சி.ய கயட்டிட்டு ஒரு ஃபேனு மாட்டுனாங்களே, அது காத்து அந்த டேபிளுக்கு மட்டுந்தான் வருது.”